கயிற்றைப் பிடித்திருக்கும் கை

திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் அன்றைக்கு ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டவில்லை.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை இரவு. மழை விடுவதாக இல்லை. ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது, அடுத்து செய்துங்கநல்லூர் போகும் வழியில் தண்டவாளத்தைத் தாங்கியிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டிருந்தது. நிலைய அதிகாரி ஜாபர் அலி ரயிலை மேற்கொண்டு விடவில்லை. அதில் இருந்தவர்கள் ஏறத்தாழ 800 பேர். அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த தண்டவாளத்தின் படங்களை மறுநாள் பார்த்தவர்களுக்குத்தான், அவர் எதைத் தடுத்தார் என்பது முழுதாகப் புரிந்தது.

உயிர் தப்பியாகிவிட்டது. ஆனால் பசிக்குமே!

சுமார் 300 பயணிகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். மீதி 500 பேர் நிலையத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். நான்கு பக்கமும் தண்ணீர். சாலை இல்லை, கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. கைக்குழந்தையோடு வந்தவர்கள், வயதானவர்கள், மாத்திரை தீர்ந்துபோனவர்கள் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். நிலையத்தை அடுத்த புதுக்குடி ஊர்க்காரர்கள்தான் முதலில் வந்தார்கள். அவரவர் வீட்டில் இருந்த அரிசி, பருப்பைக் கொண்டுவந்து கோயிலில் உலை வைத்தார்கள். முன்பின் பார்த்திராத அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டார்கள். கொட்டிய மழை புதுக்குடியின் கூரைகளுக்கும் பொதுதான். கடைகள் எப்போது திறக்கும், அடுத்த மூட்டை அரிசி எப்போது வரும் என்று அந்த ஊருக்கும் தெரியாது. 19-ஆம் தேதிதான் பயணிகள் எல்லோரும் மீட்கப்பட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்குக் கிளம்பினார்கள்.

18-ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் கொட்டியது 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியைவிட அது அதிகம். ஏரல் தனித்தீவானது, தாமிரபரணி கரை புரண்டது, தூத்துக்குடி நகரத்துத் தெருக்களில் படகு ஓடியது. கடலுக்குப் போகும் ஃபைபர் படகுகளை மீனவர்கள் லாரியில் ஏற்றி உள்ளூருக்குள் கொண்டுவந்து ஆட்களை மீட்டார்கள்.

பேரிடர் வந்தால் மனிதர்கள் உதவுவார்கள், இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். ஆனால் ஊரே இருட்டில் கிடக்கும் நேரத்தில், யார் வீட்டில் பெரிய அண்டா இருக்கிறது, யார் சமையலுக்குக் கை கொடுப்பார், யாரிடம் கேட்டால் மறுக்காமல் அரிசி தருவார் என்பதெல்லாம் ஒரே ராத்திரியில் தெரிந்துவிடுமா? கொடைவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் துஷ்டி வீட்டுக்கும் ஒருவருக்கொருவர் ஓடிப் பழகிய ஊருக்குத்தான் அது தெரியும். அன்றாடம் பழகிய கை, ஆபத்து வந்த அன்றும் தானாக நீண்டது.

நூலகத்தில் ஒரு மனிதர்

அந்த ஸ்ரீவைகுண்டத்தில்தான், வெள்ளமும் புயலும் இல்லாத சாதாரண நாட்களில், ஒருவர் 35 ஆண்டுகள் பிறருக்கு உதவுவதையே ஒரு பயிற்சிபோலச் செய்துவந்தார். குமரகுருபரர் கலைக் கல்லூரியின் நூலகர் பா. கல்யாணசுந்தரம். இன்று தமிழ்நாடு முழுக்க 'பாலம்' கல்யாணசுந்தரம் என்று அறியப்படுபவர். 2023-ல் பத்மஸ்ரீ பெற்றவர்.

களக்காடு அருகே மேலக்கருவேலங்குளத்தில் பிறந்த அவர், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். வளர்த்தது தாயார். அந்த அம்மா மகனுக்குச் சொன்னவை மூன்று: பேராசை கூடாது, கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கையாவது பிறருக்குக் கொடுக்க வேண்டும், நாள்தோறும் ஓர் உயிருக்காவது நல்லது செய்ய வேண்டும். மகன் அதைக் கேட்டுக்கொண்டதோடு நிற்கவில்லை. பத்தில் ஒரு பங்கு என்று அம்மா சொன்னதை, அவர் முழுச் சம்பளமாக்கினார். மாதச் சம்பளத்தைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, தன் சாப்பாட்டுக்காக ஓட்டலில் பரிமாறுவது உள்ளிட்ட சின்னச் சின்ன வேலைகளைப் பார்த்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுபெற்றபோது வந்த தொகையையும் கொடுத்தார். 1998-ல் 'பாலம்' அமைப்பைத் தொடங்கினார். கொடுக்க மனமுள்ளவர் ஒரு கரையில், தேவையுள்ளவர் மறு கரையில், நடுவில் பாலம். பெயருக்குக் காரணம் அதுதான்.

அவர் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று உண்டு. இளம் வயதில் அவருக்குக் குரல் ஒரு குறையாக இருந்தது. கீச்சுக்குரல். கேலிக்குப் பயந்து மனம் நொந்து, உயிரையே விட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் போனவர், 'கல்கண்டு' ஆசிரியர் தமிழ்வாணனைப் போய்ப் பார்த்தார். நீ எப்படிப் பேசுகிறாய் என்பதை விட்டுவிடு, மற்றவர்கள் உன்னைப் பற்றி நல்லபடியாகப் பேசும்படி வாழ்ந்து காட்டு என்ற பொருளில் தமிழ்வாணன் சொன்னது அவரைத் திருப்பிப் போட்டது. சீனப் போர் நடந்த நேரத்தில் தன் தங்கச் சங்கிலியைக் கழற்றிக் காமராஜரிடம் யுத்த நிதிக்குக் கொடுத்த கல்லூரி மாணவரும் இவர்தான்.

குரல் மாறவில்லை. அவர் கவனம் மாறியது. தன்னிடம் இல்லாத ஒன்றின்மேல் குத்திட்டு நின்ற பார்வை, தன்னால் கொடுக்க முடிந்தவற்றின் பக்கம் திரும்பியது. நல்லதில் கவனம் வைப்பது என்று இன்று புத்தகங்களிலும் மேடைகளிலும் பேசப்படும் விஷயத்தை, ஒரு மனிதர் தன் உடம்பாலும் சம்பளத்தாலும் செய்துகாட்டிய விதம் இது.

சம்பளம் இருந்தால் கொடுக்கலாம், இல்லாதவர் என்ன செய்வார்? இதே தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம் பக்கம் ஆலங்கிணற்றைச் சேர்ந்த முதியவர் பூல்பாண்டி, யாசகம் எடுத்து வாழ்கிறவர். கையேந்திக் கிடைத்த காசை ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்துவந்தார். 2020-ல் கொரோனா ஊரடங்கில் மதுரையில் இருந்தவர், பத்தாயிரம் ரூபாய் சேர்ந்ததும் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் நிவாரண நிதிக்குக் கொடுத்தார். ஒருமுறை இல்லை, பலமுறை. அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் மதுரை மாவட்ட நிர்வாகம் அவரைப் பாராட்டியது.

மனம் ஏன் கெட்டதையே பிடித்துக்கொள்கிறது?

பத்துப் பேர் நன்றாகப் பேசியிருப்பார்கள், ஒருவர் சுருக்கென்று ஏதோ சொல்லியிருப்பார். இரவு படுத்ததும் எது திரும்பத் திரும்ப வரும்? அந்த ஒரு சொல்தான். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ராய் பவுமைஸ்டரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2001-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நல்ல அனுபவங்களைவிடக் கெட்ட அனுபவங்கள் மனத்தில் ஆழமாகப் பதிகின்றன என்று எழுதினார்கள். காட்டில் அலைந்த மனிதனுக்குப் பழுத்த மரம் ஒன்று கண்ணில் படாமல் போனால் ஒரு வேளைப் பசி. பதுங்கியிருக்கும் புலி கண்ணில் படாமல் போனால் உயிரே போகும். ஆபத்தை முதலில் கவனிக்கும் மனம் நம்மைக் காப்பாற்றிய மனம். ஆனால் புலி இல்லாத வீட்டிலும் அது புலியைத் தேடிக்கொண்டிருக்கிறது.

அதனால் நல்லதைக் கவனிக்க மனத்தைப் பழக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு எளிமையானது. ஒரு குழுவினர் வாரத்துக்கு ஒருமுறை, தாங்கள் நன்றி பாராட்டும் விஷயங்களை ஐந்து வரை எழுதினார்கள். இன்னொரு குழு எரிச்சலூட்டியவற்றை எழுதியது. சில வாரங்களில், நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாகவும் வரப்போகும் வாரத்தைப் பற்றி நம்பிக்கையாகவும் சொன்னார்கள். தினமும் எழுதிய இன்னொரு சுற்றில், அப்படி எழுதியவர்கள் பிறருக்கு உதவியதும் கூடியது. பெற்றதை எண்ணிப் பார்த்தவருக்குக் கொடுக்கவும் மனம் வந்திருக்கிறது.

கொடுப்பதைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. எலிசபெத் டன் குழுவினர் கனடாவில் சிலருக்கு 5 டாலர் அல்லது 20 டாலர் கொடுத்து, அன்று மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். சிலர் தமக்காக, சிலர் பிறருக்காக. 2008-ல் வெளியான முடிவு: பிறருக்குச் செலவழித்தவர்களே மாலையில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை ஐந்தா இருபதா என்பது பொருட்டாகவே இல்லை.

அப்படியென்றால் நாம் ஏன் தயங்குகிறோம்? 'இந்தச் சின்ன உதவி அவருக்கு என்ன பெரிதாகப் பட்டுவிடும்' என்ற நினைப்புத்தான் கையைப் பிடித்து இழுக்கிறது. சிகாகோவில் குளிர்காலத்தில், பனிச்சறுக்குத் திடலுக்கு வந்தவர்களை வைத்து அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லேயும் இதைச் சோதித்தார்கள். முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒரு கோப்பைச் சூடான சாக்லேட் பானம் கொடுக்க வேண்டும். வாங்குபவர் எவ்வளவு மகிழ்வார் என்று கொடுப்பவர் ஊகிக்க வேண்டும். ஊகித்ததைவிட வாங்கியவர்களின் மகிழ்ச்சி அதிகமாகவே இருந்தது. கொடுத்தவர் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு கோப்பை. வாங்கியவருக்கோ, அறியாத மனிதர் தன்னை நினைத்தார் என்ற இதமும் சேர்ந்து வந்தது.

பிள்ளைக்கு வைத்த பெயர்

பெற்ற நன்மையை மறக்காமல் இருப்பதற்குத் தூத்துக்குடியிலேயே பெரிய சாட்சியாக ஒருவர் இருந்தார். துறைமுகத்துக்கே அவர் பெயர்தான்.

வ.உ.சிதம்பரனார் இழந்ததைப் பட்டியல் போட்டால் நெஞ்சு கனக்கும். 1906-ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி கைவிட்டுப் போனது. 1908-ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றார். கூலி இல்லாமல் இருந்தவர்களின் வீடுகளில் அடுப்பு எரிய ஊராரிடம் நிதி திரட்டினார். அந்தப் போராட்டம் வென்றது. அதே ஆண்டு அரச துரோக வழக்கில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது சொத்து இல்லை, வழக்கறிஞர் உரிமமும் இல்லை. வரவேற்கக் கூட்டமும் இல்லை. சென்னையில் சிறு வியாபாரம் செய்து குடும்பத்தை ஓட்டினார்.

கசந்துபோக எல்லாக் காரணமும் இருந்த மனிதர், தன் பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைத்தார் என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து பணம் அனுப்பித் தன் குடும்பத்தைத் தாங்கிய வேதியப்பிள்ளையின் நினைவாக ஒரு மகளுக்கு வேதவல்லி. கோவையில் துணைநின்ற சி.கே.சுப்பிரமணிய முதலியாரின் நினைவாக ஒரு மகனுக்குச் சுப்பிரமணியம். பறிபோன வழக்கறிஞர் உரிமம் திரும்பக் கிடைக்க உதவியவர் ஆங்கிலேய நீதிபதி வாலஸ். கடைசி மகனுக்கு வாலேசுவரன்!

ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துக் கப்பல் விட்டவர் வீட்டில், தினமும் சாப்பிடக் கூப்பிடும்போது ஓர் ஆங்கிலேயரின் பெயர் ஒலித்திருக்கிறது. அதற்காக அவர் ஆட்சியின் கொடுமையை மறந்துவிடவில்லை, மன்னித்துவிட்டதாகச் சொல்லவும் இல்லை. தனக்கு ஒரு மனிதர் செய்த நன்மை, கொடுமைகளின் கூட்டத்தில் காணாமல் போகக் கூடாது என்று நினைத்தார்.

நல்லதில் கவனம் வைப்பது என்றால் கெட்டதைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்வது என்று பலர் எண்ணுகிறார்கள். தூத்துக்குடி போன்ற ஊருக்கு அந்த யோசனையைச் சொல்லவே முடியாது. 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 உயிர்கள் போயின. வெள்ளத்தில் வீடும் உப்பளமும் வாழைத் தோட்டமும் இழந்தவர்கள் உண்டு. நீதி கேட்பதும் நன்றி சொல்வதும் ஒரே மனத்தில் சேர்ந்து இருக்க முடியும். வ.உ.சி.யின் வீட்டில் இருந்தன.

கஃபேயும் சுவரும்

அன்பைத் தனி மனிதரின் குணம் என்று மட்டும் விட்டுவிடாமல், அதற்கு ஓர் இடம் அமைத்துக் கொடுக்கவும் முடியும். திருநெல்வேலி ஆட்சியராக இருந்த சந்தீப் நந்தூரி 2017-ல் அங்கே 'அன்புச் சுவர்' ஒன்றைத் திறந்தார். தமக்கு வேண்டாத, ஆனால் நன்றாக இருக்கும் துணிமணிகளையும் பொருட்களையும் அங்கே வைத்துவிட்டுப் போகலாம்; வேண்டியவர் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். 2015-ல் ஈரானில் பரவிய பழக்கம், தாமிரபரணிக் கரைக்கும் வந்தது. கொடுப்பவர் யார், எடுப்பவர் யார் என்பது ஒருவருக்கொருவர் தெரியாது. எடுப்பவர் தலை குனிய வேண்டியதில்லை. பிறகு நந்தூரி தூத்துக்குடி ஆட்சியரானார். 2019-ல் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே மாற்றுத்திறனாளிகள் நடத்தும் 'கஃபே ஏபிள்' தொடங்கியது. மனு கொடுக்க வந்து வெயிலில் நிற்கும் ஒருவர், உள்ளே போய்ச் சூடாக டீ வாங்கிக் குடித்துக் காசு கொடுக்கிறார். அங்கே இரக்கத்துக்கு வேலையே இல்லை. உழைத்தவருக்குக் கூலி, குடித்தவருக்கு நல்ல டீ, இருவருக்கும் மரியாதை.

இந்தக் கடற்கரைக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. படகு கரைக்கு வரும்போது இழுக்கக் கை கொடுத்தவருக்கும், கடலுக்குப் போக முடியாத பெரியவருக்கும் கறிக்குக் கொஞ்சம் மீன் கொடுத்து அனுப்புவது மீனவர் குப்பங்களில் வழக்கம். கணக்கில் எழுதாத பங்கு அது.

வீட்டிலும் தெருவிலும் இதற்கு என்ன வழி? கல்யாணசுந்தரத்தின் தாயார் சொன்ன 'நாளுக்கு ஒன்று' என்ற அளவு எவருக்கும் எட்டும். பஸ்ஸில் சில்லறை இல்லாமல் தவிப்பவருக்கு ஐந்து ரூபாய், பரீட்சையில் தோற்ற பக்கத்து வீட்டுப் பையனிடம் கால் மணி நேரப் பேச்சு, குப்பை வண்டி தள்ளிவரும் அக்காவுக்கு ஒரு சொம்புத் தண்ணீர். ராத்திரி படுக்குமுன் அன்று யார் நமக்கு என்ன செய்தார்கள் என்று பெயரோடு நினைத்துப் பார்ப்பது இன்னொன்று. பெயரோடு என்பது முக்கியம். 'எல்லோருக்கும் நன்றி' என்பதில் யார் முகமும் தெரியாது, வ.உ.சி. நன்றியை ஒரு குழந்தையின் பெயராக்கினார். மூன்றாவது, நினைத்ததை வாய்விட்டுச் சொல்லிவிடுவது. 'நீங்க அன்னைக்குச் செஞ்சத நான் மறக்கலண்ணே' என்று ஒரு போன் போதும். சிகாகோ ஆய்வு சொல்வதுபோல, நாம் நினைப்பதைவிட அது கேட்பவருக்கு இனிக்கும்.

கடலுக்கு மேலே ஒருவர்

பிறர்மேல் வைக்கும் கவனம் உயிரையே காக்கும் தொழில் ஒன்றும் இந்தக் கடற்கரையில் உண்டு. மன்னார் வளைகுடாவின் முத்து ஈராயிரம் ஆண்டுகளாக உலகம் தேடிவந்த பொருள். கொற்கையில் முத்துக்குளிக்கும் வேலையைத் தண்டனை பெற்ற கைதிகள் செய்தார்கள் என்று கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கப் பயண நூலான பெரிப்ளூஸ் குறிப்பிடுகிறது. பிற்காலத்தில் பரதவர்களும் இந்தக் கரையின் முஸ்லிம்களும் பரம்பரைத் தொழிலாகவே அதைச் செய்தார்கள். அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது.

கடலுக்குள் விரைந்து இறங்க உதவும் கனமான கல் ஒன்றுக்கு இரண்டு ஆட்கள். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் இளைப்பாறுவார். மூழ்குபவர் கல்லில் காலை வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து இறங்குவார். தரையைத் தொட்டதும் கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழத்தில், ஒரு நிமிடம் போல மூச்சுத் தாங்கும் வரைக்கும் கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வலைப்பையில் போடுவார். பிறகு கயிற்றை ஓர் ஆட்டு ஆட்டுவார். மேலே படகில் நிற்பவர் அந்த அசைவை உணர்ந்து அந்த நொடியே இழுக்க வேண்டும். பேச்சு கேட்காது, முகம் தெரியாது. அலை ஆட்டுவதையும் ஆள் ஆட்டுவதையும் பிரித்தறிய வேண்டியது அந்த விரல்கள்தான். அதனால் கயிறு பிடிப்பவர் மச்சானாக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். தன் சகோதரியின் தாலி அவர் கையில் இருக்கிறது, கவனம் சிதறாது.

முத்துக்குளிப்பு நின்றுவிட்டாலும் சங்கு குளிப்பது தூத்துக்குடியில் நிற்கவில்லை. திரேஸ்புரத்திலிருந்து விடியலில் கிளம்பும் படகுகளில், கல்லுக்குப் பதில் காற்றடிக்கும் கம்ப்ரசர் வந்துவிட்டது. கயிற்றோடு ஒரு குழாயும் சேர்ந்து கடலுக்குள் இறங்குகிறது. இயந்திரச் சத்தத்துக்கு நடுவில், குழாய் மடங்காமல், சிக்காமல் பார்த்துக்கொண்டு ஒருவர் படகின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். வெயில் ஏறுகிறது. கீழே இருப்பவர் தலை தண்ணீருக்கு மேல் வந்ததும் இவர் கை நீள்கிறது. சங்குப் பையை வாங்குவதற்கு முன்னால் ஆளைப் பிடித்துத் தூக்குகிறது.